வீட்டுப் பிராணிகளின் திருட்டும் காப்பும்: சிலமலை வட்டாரத்தை முன்வைத்து

1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் திருட்டை விளக்கத் தந்த எடுத்துக்காட்டுகளில் இரண்டாவது, ஒரு நாயைப் பற்றியது. ஒருவன் நாய்க்குப் பிடித்த தீனியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்தவர் வீட்டு நாயைத் தன் பின்னால் வரவைக்கிறான். உடையவரின் சம்மதம் இல்லாமல் அதைக் கொண்டுபோகும் கெட்ட எண்ணம் அவனுக்கு இருந்தால், நாய் அவன் பின்னால் நடக்கத் தொடங்கியபோதே திருட்டு முடிந்துவிட்டது என்கிறது சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆவது பிரிவும் இந்த எடுத்துக்காட்டை அப்படியே வைத்திருக்கிறது. நாயைக் கயிறு கட்டி இழுக்க வேண்டியதில்லை. வண்டியில் ஏற்ற வேண்டியதில்லை. விற்றுக் காசாக்கியிருக்கவும் வேண்டியதில்லை. வாசற்படியில் படுத்திருந்த உயிர் ஒரு துண்டுக் கறிக்காக எழுந்து நாலடி நடந்தாலே போதும். நாய் திருட்டு எவ்வளவு ஓசையில்லாமல் நடக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம், கோம்பை நோக்கிப் போகும் மலையடிவாரத்தில் உள்ளது சிலமலை. இங்கே வீட்டுப் பிராணி என்றால் பெரும்பாலும் திண்ணையில் கிடக்கும் நாட்டு நாய்தான். அடுத்து, பிள்ளைகளோடு சேர்ந்து வளரும் வெள்ளாட்டுக் குட்டி, முருங்கை மரத்தில் அடையும் சேவல், அடுப்படியைச் சுற்றும் பூனை. ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே ஜீப் ஏறிவிடுவார்கள். போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில் பகல் முழுதும் வேலை. பொழுது சாய்ந்துதான் வீடு திரும்ப முடியும். காய் எடுப்பு மும்முரமாக நடக்கும் மாதங்களில் தெருவில் முதியவர்களும் சிறு பிள்ளைகளும் மட்டுமே இருப்பார்கள். மலைமேல் தோட்டத்து லயங்களிலும் ஏலக்காய் ஸ்டோர்களிலும் இதே நிலைதான்: காவலுக்கு நாய் உண்டு, நாய்க்குக் காவல் இல்லை.

இத்தனை காலம் இந்த ஊர்களில் பிராணிகளுக்குப் பாதுகாப்பாக இருந்தது தெருவின் நினைவு. எந்த நாய் யார் வீட்டுடையது, எந்தக் கிடாயின் காது எப்படி மடிந்திருக்கும் என்பதெல்லாம் தெருவில் எல்லோருக்கும் தெரியும். வேற்றாள் ஒருவன் அந்த நாயோடு போனால் நாலு பேர் கேட்பார்கள். ஆனால் அந்த நினைவுக்கு எல்லை உண்டு. போடி பஸ் நிலையத்தைத் தாண்டினாலோ, மெட்டுச் சோதனைச் சாவடியைக் கடந்து கேரளத்துக்குள் இறங்கினாலோ, நாய் யாருடையது என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. ஊர் அறிந்த உரிமையைத் தாளிலும் படத்திலும் எண்ணிலும் முன்கூட்டியே பதிந்துவைத்தவர்தான் தொலைந்த உயிரைத் திரும்பக் கேட்க முடியும். பூட்டும் வேலியும் இதற்கு அடுத்த நிலையில்தான் வருகின்றன.

கால்நடையைக் கவர்வதும் காப்பதும் இந்த மாவட்டத்தில் எழுத்து தோன்றிய காலத்திலிருந்தே பதிவாகியிருக்கும் செய்தி. ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையில் உள்ள புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றில் ஒன்று கூடல் ஊரில் நடந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், இறந்துபட்ட ஒருவனுக்கு நட்ட கல். அது கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. வடக்கே திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு நடுகல் ஒன்று, வீரன் மாண்டபோது அவனுடைய நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதைச் சொல்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன். கல்வெட்டில் பெயர் பொறிக்கும் அளவுக்கு ஒரு நாயை ஓர் ஊர் மதித்திருக்கிறது. இன்றைக்கு ஒரு நாய் தொலைந்தால் புகாரில் எழுத அதற்கு ஒரு பெயர்கூட இருப்பதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

திருடுகிறவரின் நோக்கம் தெரிந்தால் எந்தப் பிராணிக்கு எப்போது ஆபத்து என்பதும் தெரியும். ஆடும் சேவலும் கறிக்காகவோ விலைக்காகவோ போகின்றன. காரின் பின் இருக்கையில் ஆட்டைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போவது தமிழ்நாடு முழுக்கக் கேள்விப்படும் முறை. இதை அற்பக் களவு என்று எண்ணுவது பெரும் பிழை. 2021 நவம்பரில் திருச்சி நவல்பட்டு காவல் நிலையத்தின் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், இரவு ரோந்தின்போது ஆடு திருடிச் சென்றவர்களை விரட்டிப் போய், புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே வெட்டிக் கொல்லப்பட்டார். ஆட்டுக்காக ஆளைக் கொல்லவும் துணிகிறார்கள் என்பதால், இரவில் சத்தம் கேட்டால் தனியாக ஓடிப்போய் மறிப்பதைவிட, விளக்கைப் போட்டு, அக்கம்பக்கத்தை எழுப்பி, வண்டி எண்ணைக் குறித்து, 100 அல்லது 112-க்கு அழைப்பதே அறிவுடைமை.

நாயின் விஷயம் வேறு. சிலமலைக்குத் தெற்கே சற்றுத் தொலைவில் உள்ள கோம்பை, ஒரு நாட்டு நாயினத்துக்கே பெயர் கொடுத்த ஊர். செவலை நிறமும் கருமூஞ்சியும் கொண்ட கோம்பை நாய் காவலுக்கும், பழைய நாளில் பன்றி வேட்டைக்கும் பேர்போனது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு இனங்கள் மீது தமிழ் இளைஞர்களுக்குப் பிறந்த பற்று பெரிது. 2020 ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை நாய்களைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். மரபினங்கள் அழியாமல் நிற்க இந்த ஆர்வம் வேண்டியதுதான். ஆனால் தேவை கூடினால் விலை கூடும். விலை கூடினால் திருடனின் கண்ணும் படும். உறவினர் வீட்டிலிருந்து சும்மா வாங்கி வந்த குட்டி இன்று பல ஆயிரம் ரூபாய் பெறும் என்பது வளர்ப்பவருக்கே தெரியாமல் இருக்கலாம், திருடுபவருக்குத் தெரியும். அதிலும் இரண்டு மூன்று மாதக் குட்டிகளும், ஈன்று பால் கொடுக்கும் பெட்டைகளும், முயல் வேட்டைக்கு ஏற்ற நெடுங்கால் நாய்களும் முதலில் குறிவைக்கப்படுபவை. வேட்டையே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், வேட்டைக்குத் திருடப்பட்ட நாய் காட்டோரக் குடிசைகளில் மறைத்தே வைக்கப்படும். வெளியே தெரிய வழி குறைவு.

பணயத்துக்காகக் கவர்வதும் பழைய தொழில்தான். 1840-களில் லண்டனில் கவிஞர் எலிசபெத் பாரெட்டின் ஃப்ளஷ் என்ற நாய் மூன்று முறை திருடப்பட்டு, ஒவ்வொரு முறையும் பணம் கொடுத்தே மீட்கப்பட்டது. பணம் கிடைத்த வீட்டுக்குத் திருடன் மறுபடி வந்தான் என்பதே அதிலிருந்து கொள்ள வேண்டிய பாடம். நோக்கம் எப்போதும் பணயம் மட்டுமல்ல. அமெரிக்காவில் 1965-இல் பென்சில்வேனியாவிலிருந்து காணாமல் போன பெப்பர் என்ற டால்மேஷியன், நியூயார்க் மருத்துவமனை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் சோதனை அறுவையில் இறந்தது தெரியவந்தது. அதையொட்டி எழுந்த கொதிப்பில் 1966-இல் ஆய்வுக்கூட விலங்கு நலச் சட்டம் பிறந்தது. ஒரு குடும்பத்தின் துக்கம் ஒரு நாட்டுக்கே சட்டமானது.

காணாமல் போன பிராணி எல்லாம் திருடுபோனது அல்ல. இந்த மலைச்சரிவில் இதைப் பிரித்து அறிவது மிக முக்கியம், ஏனென்றால் தேட வேண்டிய இடமே மாறிவிடும். தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவே சிறுத்தை நடமாடுகிறது. கட்டிப்போட்ட நாய் அதற்கு எளிய இரை. அறுந்த சங்கிலி, இழுத்த தடம், ரத்தம், உரோமம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் நாய் சிக்கி, ஆள் குரல் கேட்காத தொலைவில் இரண்டு மூன்று நாள் உயிரோடு கிடப்பது உண்டு. அதனால் முதல் நாள் தேடலில் தோட்டத்து வேலியோரங்களையும் ஓடைகளையும் விடக் கூடாது. அவுட்டுக்காய் எனப்படும் வெடியைக் கடித்து வாய் சிதைந்த நாய் வீட்டுக்கு வராமல் புதரில் ஒதுங்கிக்கொள்ளும். சட்டவிரோத மின்வேலி நாயோடு மனிதரையும் கொல்லும். ஏலத்தில் ஒருகாலத்தில் தாராளமாகப் பயன்பட்ட ஃபோரேட் என்ற பூச்சிக்கொல்லிக் குருணை 2020 இறுதியோடு இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. ஆனால் மருந்து அடித்த வயலின் தேங்கு நீரும், கழுவிய டப்பாவும், பழைய இருப்பும் இன்னும் ஆபத்துதான். இவை தவிர, பருவத்துக்கு வந்த பெட்டையைத் தேடிப் போகும் ஆண் நாய், தீபாவளி வெடிக்குப் பயந்து கண்மண் தெரியாமல் ஓடும் நாய், நெடுஞ்சாலையில் அடிபடுவது என வேறு காரணங்களும் உண்டு. எந்தத் தடயமும் இல்லாமல், பகலில், பழக்கமான இடத்திலிருந்து, கழுத்துப் பட்டை மட்டும் கழற்றிக் கிடக்க ஒரு நாய் மறைந்தால், அது ஆள் கை பட்டதன் அறிகுறி.

திருட்டைத் தடுக்க உடனே தோன்றும் வழி சங்கிலி. உண்மையில் அது மோசமான வழி. ரோட்டைப் பார்த்த முற்றத்தில் கட்டிக் கிடக்கும் நாயால் விலகி ஓட முடியாது. கொக்கியைக் கழற்றினால் வேலை முடிந்தது. நாளெல்லாம் கட்டப்பட்ட நாய்க்கு மூர்க்கமும் நோயும்தான் மிஞ்சும். 1960-ஆம் ஆண்டு பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, நியாயமற்ற நேரம் கட்டிவைப்பதையும், அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனத்த சங்கிலியால் கட்டுவதையும், எப்போதும் கட்டிக் கிடக்கும் நாயை நடக்கவிடாமல் வைப்பதையும் வதை என்றே சொல்கிறது. அதற்கான அபராதம் சில பத்து ரூபாய் அளவில் நின்றுபோனது வெட்கக்கேடு. சங்கிலியைவிட நல்லது, வீட்டின் பின்புறம் வேலியடைத்த இடத்தில் நாயைத் தளர்வாக விடுவது. கதவின் தாழ்ப்பாள் வெளியிலிருந்து கைவிட்டுத் திறக்க முடியாத இடத்தில் இருக்க வேண்டும். கதவைத் திறந்தால் மணி அடிக்கும்படி ஓர் ஆட்டு மணியைக் கட்டிவைத்தாலே வயோதிகர்கள் விழித்துக்கொள்வார்கள். ஆட்டுப் பட்டி, வீட்டுச் சுவரை ஒட்டி, மனிதர் படுக்கும் அறைக்கு அருகில் இருப்பது ஊர்க்கோடியில் இருப்பதைவிடப் பாதுகாப்பு.

அந்நியர் கையால் தீனி வாங்கக் கூடாது என்று நாயைப் பழக்குவது கடினமாகத் தோன்றும். குட்டியிலிருந்தே தட்டில் வைத்ததை மட்டும் தின்னப் பழக்கினால் பெரும்பாலான நாய்கள் கற்றுக்கொள்ளும். சட்டத்தின் எடுத்துக்காட்டில் வரும் திருடனின் கருவியே தீனிதான் என்பதால், இந்த ஒரு பழக்கம் பல பூட்டுகளுக்குச் சமம். இனவிருத்திக்கு வேண்டாத நாய்க்குக் கருத்தடை செய்துவிட்டால் அது அலைவதும் குறையும், குட்டி எடுக்கத் திருடுபவருக்கு அதனால் லாபமும் இல்லை. விசாரிப்பவர்களிடமும் கவனம் வேண்டும். குட்டி என்ன விலை, எப்போது வீட்டில் ஆள் இருப்பார்கள், இரவில் எங்கே படுக்கும் என்று வழிப்போக்கர் ஒருவர் அக்கறையாகக் கேட்டால், ஒரு தெருவே அதை அறிந்திருக்க வேண்டும். ஈன்ற குட்டிகளின் படத்தை வீட்டு வாசலோடும் ஊர்ப் பெயரோடும் வாட்ஸ்அப்பில் போடுவது, திருடனுக்கு முகவரி கொடுப்பதாகிவிடும். வேலைக்குப் போகும் குடும்பங்கள் நாலைந்து சேர்ந்து, வீட்டில் இருக்கும் ஒருவரிடம் பிராணிகளைப் பகல் நேரத்துக்கு ஒப்படைத்து, அதற்கு ஒரு கூலியும் கொடுக்கலாம். காய் எடுப்பு மாதங்களில் இதைவிட நடைமுறைக்கு ஏற்ற ஏற்பாடு வேறு இல்லை.

இனி அடையாளம். அரசு கால்நடை மருந்தகத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போடும்போது தரும் அட்டையில் உடையவர் பெயர், நாயின் பெயர், நிறம், பால், வயது, தேதி எல்லாம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பித்தால் அந்த அட்டையே தொடர்ச்சியான உரிமைச் சான்று. குட்டி வாங்கும்போது, உறவினர் சும்மா கொடுத்தாலும்கூட, ஒரு வெள்ளைத்தாளில் தேதி, அடையாளம், பெறுமதி எழுதி இருவரும் கையெழுத்திடுவது நல்லது. படங்கள் எடுக்கும்போது அழகுக்கு எடுப்பதோடு நிற்காமல், இரு பக்கவாட்டு, நேர்முகம், மார்பு, கால் விரல், தழும்பு எனத் தனித்தனியாக எடுத்து, வீட்டார் ஒருவரும் கூட நிற்கும் படமும் சேர்த்துவைக்க வேண்டும். கழுத்துப் பட்டையில் கைபேசி எண் எழுதுவது எளிது, ஆனால் பட்டை கழன்றுவிடும்.

கழற்ற முடியாதது மைக்ரோசிப். அரிசி மணி அளவுள்ள கண்ணாடிக் குழலை ஊசி மூலம் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் செலுத்துகிறார்கள். அதற்குள் பேட்டரி இல்லை. ரீடர் கருவியை அருகில் கொண்டுபோனால் மட்டும் 15 இலக்க எண்ணைக் காட்டும். நாய் எங்கே இருக்கிறது என்பதை அது சொல்லாது, யாருடையது என்பதை மட்டுமே சொல்லும். பதிவில் உள்ள கைபேசி எண் மாறியிருந்தால் அதுவும் சொல்லாது. சென்னை மாநகராட்சி 2025-இல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமமும் சிப்பும் கட்டாயம் என்று தீவிரமாக இறங்கியது. போடி போன்ற ஊர்களின் மருந்தகங்களில் சிப்பும் ரீடரும் வழக்கமான பொருளாக வேண்டும். வளர்ந்த நாய் ஒன்றை யாராவது விற்க வந்தால், மருத்துவரிடம் காட்டி ரீடர் வைத்துப் பார்த்த பிறகே வாங்குவது என்ற வழக்கம் வந்தால் களவுச் சந்தை தானாகச் சுருங்கும். மாட்டுக்கு இருக்கும் 12 இலக்கக் காதுவில்லை இதே வேலையைச் செய்கிறது. அந்த எண்ணைத் தனியே குறித்துவைக்காதவர்கள்தான் அதிகம். பச்சைக்கிளி வளர்ப்பவர்களுக்கு இந்த வழிகள் எதுவும் பொருந்தாது, ஏனென்றால் நாட்டுக் கிளியைக் கூண்டில் வைப்பதே வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

திருட்டு நடந்த பின் சட்டம் எவ்வளவு உதவும் என்பது, கையில் உள்ள தாளைப் பொறுத்தது. 303-ஆவது பிரிவின்படி திருட்டுக்கு மூன்று ஆண்டுவரை சிறை. ஆனால் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழ் இருந்து, முதல் முறை குற்றவாளி பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால், சமூக சேவைதான் தண்டனை. இத்தகைய சிறு மதிப்புத் திருட்டில், நீதித்துறை நடுவரின் ஆணையில்லாமல் காவல்துறை விசாரணையில் இறங்கவும் முடியாது. விலைச் சான்றே இல்லாத நாட்டு நாய் இந்த வரம்புக்குள் விழுந்துவிடும் என்பது பெரிய அநியாயம். பத்து ஆண்டு உடன் வாழ்ந்த உயிரைச் சட்டம் சந்தை விலையால் அளக்கிறது. இங்கிலாந்து இந்தக் குறையை உணர்ந்து, நாய், பூனை கவர்தலைத் தனிக் குற்றமாக்கும் சட்டத்தை 2024-இல் கொண்டுவந்து, ஐந்து ஆண்டுவரை சிறை விதித்தது. இங்கே அப்படியொரு சட்டம் வரும்வரை உள்ள வழி, சரியான பிரிவைக் கேட்டு எழுதவைப்பது. வீட்டுக்குள்ளிருந்தோ பொருள் வைக்கும் கட்டடத்திலிருந்தோ எடுத்துப் போயிருந்தால் 305-ஆவது பிரிவு பொருந்தும். ஏழு ஆண்டுவரை சிறை. காவல் நாய்க்கு விஷம் வைத்துக் கொன்றிருந்தால் 325, ஐந்து ஆண்டுவரை. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கியவருக்கு 317.

புகாரில் நாயின் அடையாளம், பெறுமதி, கடைசியாகக் கண்ட இடமும் நேரமும், சந்தேக வண்டி எண், தடுப்பூசி அட்டை நகல், படம் ஆகியவை இருக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை பதியாவிட்டால் குறைந்தது சி.எஸ்.ஆர். ரசீதையாவது வாங்காமல் நிலையத்தை விட்டு வரக் கூடாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்க இடமளிக்கிறது. மலைமேல் கேரளத்துத் தோட்டத்தில் நாயைப் பறிகொடுத்த சிலமலைத் தொழிலாளி, போடியிலேயே புகார் கொடுக்கலாம். விசாரணைக்கு உரிய குற்றமாக இருந்தும் பதிய மறுத்தால், எழுத்துமூலம் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பலாம். அதற்கும் பலனில்லாவிட்டால் நடுவரிடம் முறையிடலாம்.

தேடலில் முதல் சில மணி நேரமே மதிப்பு மிக்கது. நாய் பழகிய துணியொன்றை வாசலில் போட்டுவைத்து, ஒருவர் வீட்டிலேயே இருக்க வேண்டும். மற்றவர்கள் பஸ் நிலையம், ஜீப் நிற்குமிடம், சோதனைச் சாவடி, கறிக்கடை, ஆட்டுச் சந்தை, நாய் விற்பவர்கள் என்று பிரிந்து போக வேண்டும். கடைகளின் சிசிடிவி பதிவு சில நாட்களில் அழிந்துவிடும் என்பதால் அன்றே கேட்டு எடுத்துவைப்பது நல்லது. சுவரொட்டியில் எல்லா அடையாளத்தையும் எழுதிவிடக் கூடாது. உடையவருக்கு மட்டும் தெரிந்த ஒரு தழும்பை மறைத்துவைத்தால், பொய்யாக அழைத்துப் பணம் கேட்பவரை அதைக் கேட்டே இனங்காணலாம். பணத்தை முன்கூட்டி அனுப்புவதும், தனியாக ஓரிடத்துக்குப் போவதும் கூடாது. அழைப்பைக் காவல்துறைக்குத் தெரிவித்துவிட்டே பேச வேண்டும்.

பிராணி காவல்துறையின் கைக்கு வந்துவிட்டால், வழக்கு முடியும்வரை அது நிலையத்தில் கிடக்க வேண்டியதில்லை. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497, 503 பிரிவுகளின்படி நீதிமன்றத்தில் மனுப் போட்டு, பிணை எழுதிக் கொடுத்து இடைக்காலமாக வீட்டுக்கு அழைத்துவரலாம். அங்கேயும் நடுவர் முதலில் கேட்பது உரிமைச் சான்றைத்தான்.

மீண்டு வந்த நாயை உடனே மற்றப் பிராணிகளோடு விடக் கூடாது. வேற்று நாய்களோடு அடைத்துவைக்கப்பட்டிருந்தால் பார்வோ, டிஸ்டெம்பர் தொற்றியிருக்கலாம். உண்ணியும் சொறியும் ஏறியிருக்கும். இரண்டு வாரம் தனியே வைத்து, கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை ஊர்தி வரும். உடலில் கடிக்காயம் இருந்தால், முன்பே தடுப்பூசி போட்ட நாயானாலும் வெறிநோய்க்கு மறு ஊசி அவசியம். அதைத் தூக்கும்போது யாரையாவது அது கடித்திருந்தால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடிபட்டு, பட்டினி கிடந்து வந்த நாய் சில வாரம் வீட்டாரையே கண்டு ஒடுங்கும், சாப்பிடாது, இரவில் ஊளையிடும். அதை அதட்டாமல், பழைய தட்டில், பழைய நேரத்தில், பழகிய கையால் சோறு வைத்துவந்தால் மெல்ல மெல்லத் தேறும்.